குரு, விருது, சினிமா: இசைக்கலைஞர் நேர்காணல்களின் மூன்று கேள்விகள்

தமிழில் இசைக்கலைஞர்களுடன் நிகழ்த்தப்படும் நேர்காணல்களுக்குக் குறைவில்லை. வார இதழ்களின் டிசம்பர் சீசன் பக்கங்கள், வானொலி, தொலைக்காட்சி, இப்போது யூடியூப் என்று களம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கேள்விகள் மட்டும் பெரிதாக மாறவில்லை. உங்கள் குரு யார்? என்னென்ன விருதுகள் பெற்றிருக்கிறீர்கள்? சினிமாவில் எப்போது? முதல் கேள்வி கலைஞரை அவருடைய கடந்த காலத்தில் நிறுத்துகிறது. இரண்டாவது பிறர் தந்த அங்கீகாரத்தில் நிறுத்துகிறது. மூன்றாவது இன்னும் வராத எதிர்காலத்துக்குத் தள்ளுகிறது. இன்று அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார், எப்படிச் செய்கிறார் என்பது மூன்றிலும் விடுபட்டுப் போகிறது.

புகழ்பெற்றவர்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. அவர்களைப் பற்றி எழுத வேறு பலர் இருப்பார்கள். சபா, கோயில், திரைப்படம் ஆகிய எதையும் முழுதாகச் சாராமல் தம் பாட்டைத் தாமே ஆக்கி வெளியிடும் இளம் சுயாதீனக் கலைஞரின் நிலை அப்படியல்ல. அவரிடம் எடுக்கப்படும் ஒன்றிரண்டு நேர்காணல்களே அவரைப் பற்றிய ஆவணமாக எஞ்சக்கூடும். திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தோடு தொடர்புடைய சில கலைஞர்களின் வாழ்க்கையை முன்வைத்து, வழக்கமான கேள்விகள் எவற்றைத் தவறவிடுகின்றன என்று இக்கட்டுரை பார்க்கிறது.

'இருந்தும்' என்ற சொல்

நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திரத்தின் கரவடி என்ற ஊரில் பிறந்தவர். பின்னர் ஸ்ரீரங்கத்தில் குடியேறி, வாழ்நாளின் இறுதிவரை அங்கேயே இருந்தார். 1982இல் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை அங்கு நிறுவினார். 1998இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவரைப் பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர் ஒன்று உண்டு: "முஸ்லிமாக இருந்தும் கோயிலில் வாசித்தார்."

இதில் 'இருந்தும்' என்ற சொல் வாசகருடைய வியப்பைச் சொல்கிறது. கலைஞரின் வாழ்க்கையைச் சொல்லவில்லை. அவர் பிறந்த பகுதியில் முஸ்லிம் குடும்பங்கள் கோயில்களில் நாகஸ்வரம் வாசிப்பது தலைமுறைகளாக வந்த தொழில். அவருடைய முன்னோரும் அதையே செய்தார்கள். வீட்டில் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த ஓர் இசையை வாசித்ததற்கு அவர் 'இருந்தும்' என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அவர் வாழ்க்கையில் உண்மையாகவே வியக்க வேண்டிய முடிவு வேறொன்று. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் ஈர்க்கப்பட்ட அவர், தஞ்சாவூர் பாணியைக் கற்பதற்காக நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். ஊரில் முறையாகக் கற்று வாசித்துக்கொண்டிருந்தவர் மொழி வேறான இன்னோர் ஊரில் மீண்டும் பாடம் கேட்க உட்கார்ந்தார். ஒரு பாணியில் பழகிய மூச்சையும் விரலையும் எப்படி மாற்றினார்? எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார்? அந்த ஆண்டுகளில் வருமானத்துக்கு என்ன செய்தார்? ஒரு கலைஞரின் படைப்பு வாழ்க்கை இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

அவருடைய மாணவர்களான ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் தம்பதியும் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து இணையாக வாசிப்பவர்கள். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். அவர்களிடம் வழக்கமான 'இருந்தும்' கேள்வியோடு 'பெண்ணாக இருந்தும்' என்பதும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு நாகஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது யார் எங்கே மூச்சு வாங்குவது, ராக ஆலாபனையில் ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர் எப்படித் தொடங்குவது என்று கேட்டால், அவர்களுடைய உழைப்பும் தாம்பத்தியமும் ஒரே பதிலில் வந்துவிடும்.

குருவைப் பற்றிய கேள்வியே தேவையற்றது என்று இதற்குப் பொருளல்ல. நாகஸ்வரம் போன்ற கலையில் குரு யார் என்பது என்ன வாசிக்கிறார் என்பதையே தீர்மானிக்கிறது. குறை அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதில் இருக்கிறது. பெயர் கிடைத்தவுடன் நேர்காணல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. அந்தக் குருவிடமிருந்து வந்ததில் இன்றும் கையில் இருப்பது எது என்று கேட்பதில்லை.

விருதுக்கு முந்தைய ஆண்டுகள்

திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைத் தனிக்கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர். ராஜரத்தினம் பிள்ளை அவருக்குத் தந்த 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்ற பட்டமும், 2008இல் பெற்ற சங்கீத கலாநிதியும், 2022இல் பெற்ற பத்மஸ்ரீயும் எல்லாக் குறிப்புகளிலும் உள்ளன. கிளாரினெட் அதற்கு முன் பெரும்பாலும் நாட்டியக் கச்சேரியில் பக்கத்தில் ஒலித்த வாத்தியம். சாவிகள் பொருத்திய மேல்நாட்டுக் குழல் அது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்துக்கு அது எளிதில் இடம் தராது. நாகஸ்வரமும் கற்ற ஒருவர் கிளாரினெட்டையே தம் வாத்தியமாகத் தேர்ந்தது துணிச்சலான முடிவு. அந்த முடிவை எடுத்த இளைஞனிடம் யாராவது அப்போதே பேசியிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய செய்திகள் பட்டங்களின் பட்டியலைவிடப் பயனுள்ளவையாக இருந்திருக்கும்.

கவிஞர் வாலியின் இளமையும் இவ்வாறே வாசிக்கப்படுகிறது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த அவர் நண்பர்களோடு 'நேதாஜி' என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். திருச்சி வானொலிக்கு நாடகங்கள் எழுதினார். முருகன் மீது எழுதிய பாட்டு ஒன்றை அஞ்சலட்டையில் எழுதிப் பாடகர் டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார், சௌந்தரராஜன் அதற்கு மெட்டமைத்துப் பாடினார். 1958இல் திரைப்படப் பாடலாசிரியரான பிறகு இவை அனைத்தும் 'சினிமாவுக்கு முன்' என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டன. ஆனால் இன்றைய சொல்லில் கூறினால் அந்த அஞ்சலட்டை ஒரு சுயாதீனக் கலைஞரின் முதல் வெளியீடு. திருச்சி, ஸ்ரீரங்கம் ஆகிய ஊர்களின் நாடக மேடை, வானொலி நிலையம், நண்பர் குழு ஆகியவை தம்மளவில் முழுமையான ஒரு கலை உலகமாக இருந்தன. அதைச் சினிமாவின் காத்திருப்பு அறையாக மட்டும் பார்ப்பது பின்னால் வந்த புகழை முன்னால் கொண்டுபோய் வைப்பது.

1939 மே 16 அன்று தொடங்கிய திருச்சி வானொலி நிலையமும் இந்தப் பார்வையில் கவனிக்க வேண்டிய ஒன்று. குரல் தேர்வில் பெறும் தரமே ஒரு கலைஞருக்கு எத்தகைய வாய்ப்பும் சன்மானமும் கிடைக்கும் என்பதை முடிவு செய்தது. எத்தனை முறை தேர்வுக்குப் போனீர்கள், முதல் காசோலையை என்ன செய்தீர்கள் என்பவை சிறிய கேள்விகளாகத் தோன்றலாம். ஒரு தலைமுறை எதை நம்பி இசையில் நிலைத்தது என்பதற்கான விடை அவற்றில் உண்டு.

காலம் கடந்த பிறகு கேட்பது

மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பாளர். வலக்கை வாசிப்பவர் பாடகரின் வலப்புறம் அமர்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கும். இடக்கைக்காரர் அங்கே அமர்ந்தால் அது மேடையின் உட்புறம் திரும்பிவிடும். அதனால் அவரும் வயலின் கலைஞரும் இடம் மாறி அமர வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பலர் உடன்படாததால் இளமையில் அவருக்கு வாய்ப்புகள் தடைப்பட்டன. செம்பை வைத்தியநாத பாகவதர் துணை நின்றார். மேடையில் இரண்டு முழம் இடம் ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கிறது.

லலிதா ராம் எழுதிய 'துருவ நட்சத்திரம்' (2011) இந்த வாழ்க்கையையும் புதுக்கோட்டை லய மரபையும் விரிவாகப் பதிவு செய்கிறது. தமிழில் இசைக்கலைஞர் வரலாறு எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் பழனி 1962இலேயே மறைந்துவிட்டார். எனவே மாணவர்களும் உடன் வாசித்தவர்களும் சொன்ன நினைவுகளையே ஆசிரியர் பெரிதும் சார்ந்திருக்க வேண்டியிருந்தது. நினைவு அன்பு கலந்தது. ஆசானின் தோல்விகளை அது மென்மையாக்கிவிடும். இடம் மறுக்கப்பட்ட இளைஞனின் கோபத்தை அவன் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. வளரும் கலைஞர்களிடம் இப்போதே பேச வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

உ.வே.சா. காட்டிய வழி

உ.வே. சாமிநாதையர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகியோரைப் பற்றி எழுதிய வரலாறுகளில் இன்றைய நேர்காணலுக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. ஒரு கீர்த்தனை எந்த நிலையில், யாரோடு ஏற்பட்ட உரசலில் பிறந்தது என்பதை அவர் கேட்டறிந்து எழுதினார். தம் ஆசிரியரான திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நந்தன் சரித்திரத்தில் இலக்கண வழுக்கள் இருப்பதாகக் கருதிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதையும், பாரதியார் பலமுறை வந்து காத்திருந்ததையும், ஒருநாள் அவர் தமக்குள் பாடியதைக் கேட்டு பிள்ளை மனம் இளகியதையும் அவர் மறைக்கவில்லை. ஆசிரியர்மீது அளவற்ற பக்தி கொண்டவர் எழுதியது இது. பக்தி கேள்வியைத் தடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

அயர்லாந்தில் 1942 முதல் 1947 வரை நாட்டார் பாடல்களைத் தொகுத்த ஷேமஸ் எனிஸ் தாமே ஒரு துருத்திக் குழல் கலைஞர். பாடியவர்களிடம் பாட்டை வாங்கியதோடு நிற்காமல் அவர்களுக்கு வாசித்தும் காட்டினார். 1938இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஜாஸ் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனைப் பேசவைத்த ஆலன் லோமாக்ஸ், அவரைப் பியானோவின் முன் அமர்த்தினார். விரல் நினைவுபடுத்துவதை வாய் மட்டும் சொல்லிவிடாது என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

ஒரு பாட்டு, பல கணக்குகள்

2018இல் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில், டென்மாவின் இசைப் பொறுப்பில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அக்குழுவின் அறிவு, 2019இல் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. தீ, அறிவு ஆகியோரோடு அதில் பணியாற்றிய இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் திருச்சியில் பொறியியல் படித்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவுகள் பாட்டின் வேர் என்று அறிவு கூறினார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அறிவு இடம்பெறாதது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பின்னர் அவருக்குத் தனியாக இணைய அட்டை வெளியிடப்பட்டது. 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுக்குப் பின், பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று கலைஞர்களே பொதுவெளியில் வெவ்வேறு விளக்கம் அளிக்க நேர்ந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் வருமானம் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் கூறினார்.

இவற்றில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நேர்காணல் செய்பவர் கவனிக்க வேண்டியது வேறு. பாட்டு வெளிவந்த மாதங்களில் எண்ணற்ற உரையாடல்கள் நடந்தன. எத்தனை கோடிப் பார்வைகள் என்பது அவற்றில் பெரிதாகப் பேசப்பட்டது. சொல்லை யார் எழுதினார்கள், மெட்டு எப்படி உருவானது, உரிமை யாரிடம் இருக்கிறது, பணம் எந்த வழியாக வரும் என்ற கேள்விகள் சண்டை வந்த பிறகே முன்னுக்கு வந்தன. சுயாதீன இசையில் 'சுயம்' என்பது இந்த நான்கு கேள்விகளுக்கான விடைகளைப் பொறுத்தது. அவற்றைக் கேட்பது அநாகரிகம் என்ற கூச்சம் கலைஞருக்கு உதவுவதில்லை.

மாணவர்கள் கேட்க வேண்டியவை

திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அங்கு படிப்பவர்களும், வீட்டு அறையில் கணினியை வைத்துப் பாட்டு உருவாக்கும் பொறியியல் மாணவர்களும் ஒரே பேருந்தில் பயணம் செய்யும் ஊர் இது. இதழியல், தமிழ், இசை பயிலும் மாணவர்கள் ஆய்வேட்டுக்காக நேர்காணல் செய்ய வெளியூர் போக வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றைக் கேட்டால் போதும்:

- அண்மையில் முடித்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அது முதல் வரியிலிருந்து இறுதிவரை எப்படி மாறியது?
- எந்த நேரத்தில், எந்த இடத்தில் சாதகம் செய்கிறீர்கள்? அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள்?
- இசையிலிருந்து வரும் பணம் எவ்வளவு நாள் தாங்கும்? மீதி நாட்களுக்கு என்ன வேலை?
- எந்த வாய்ப்பை மறுத்தீர்கள்? ஏன்?
- இந்தப் பாட்டில் உங்களுடையது எது, பிறருடையது எது?

வாத்தியம் பக்கத்தில் இருக்கட்டும். பதில் சொல்ல முடியாத இடத்தில் வாசித்துக் காட்டச் சொல்லலாம். பதிவு செய்த நாளைக் குறித்துவைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து அதே கேள்விகளோடு அதே கலைஞரிடம் மீண்டும் போக முடியுமானால் இன்னும் நல்லது. அவர் அதற்குள் புகழ் பெற்றிருக்கலாம், இசையை விட்டே போயிருக்கலாம். விட்டுப் போனவரின் பதில்களும் இசை வரலாற்றுக்குத் தேவை. விருதுப் பட்டியல்களில் அவை கிடைப்பதில்லை.