எட்டு மாதம் கிடந்தாலும் எழ வேண்டிய மெஷின்

கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் நின்ற தென்னையைவிட விழுந்ததுதான் அதிகம். வீட்டுக்கு வரும் வண்டிப்பாதையில் மட்டும் பதினோரு மரம் குறுக்கே கிடந்தது. மரம் அறுக்கும் மெஷின்காரர் வந்து சேர ஆறு நாள் ஆயிற்று. சுற்றுவட்டாரமே அவரைத் தேடியபோது அவர்தான் என்ன செய்வார்? வீட்டுக்கென்று ஒரு செயின்சா வாங்கிவிடுவது என்று அந்த வாரமே முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது 58 சிசி எஞ்சினும், செயின் ஓடும் 22 அங்குல பாரும் கொண்ட ஒரு மலிவு மெஷின். முதல் மாதம் நன்றாகவே அறுத்தது. பிறகு ஓலைக்கொட்டகையில் எட்டு மாதம் கிடந்தது. அடுத்த மழைக்கு முன் எடுத்து, தோள் வலிக்கும்வரை கயிறு இழுத்தும் எழவில்லை. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உள்ளே பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டர் அடைச்சிருக்கு. இதுக்குப் பார்ட்ஸ் தேடி அலையணும்" என்றார். தஞ்சாவூர்வரை அலைந்தும் கிடைக்கவில்லை. தோட்டக்காரர் வருடத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் செயின்சாவைத் தொடுகிறார். ஆகவே நெடுநாள் கிடந்த மெஷின் தேவைப்படும் அன்று எழுகிறதா, அதற்கான உதிரி பாகம் பக்கத்து ஊரில் கிடைக்கிறதா என்ற இரண்டையும் வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

இப்போது நான்கு வருடமாகக் கையில் இருப்பது ஸ்டில் எம்எஸ் 180. 31.8 சிசி எஞ்சின், 16 அங்குல பார், வெறும் எஞ்சின் எடை சுமார் 4 கிலோ. தென்னையின் நடுமரம் ஓரடி கனம்தான் இருக்கும் என்பதால் இந்த பார் தாராளம். பழைய மெஷினில் அரைமணியில் மரத்துப்போன கை, இதில் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. களைத்த கையில்தான் விபத்து நேரும். எனவே அந்த இரண்டோடு எடையையும் நான் பார்ப்பேன். செயின், பிளக், ஏர் ஃபில்டர் மூன்றும் பக்கத்து டவுனில் கேட்ட அன்றே கிடைக்கின்றன.

இதற்கும் எல்லை உண்டு. வைரம் பாய்ந்த பெரிய வேம்பு, புளி என்றால் 45 சிசி வகைக்குப் போக வேண்டும். முருங்கை, எலுமிச்சைக் கவாத்துக்கு பேட்டரியில் ஓடும் சிறு ரம்பமே போதும். ஒயர் போட்டு ஓட்டும் மின்சார மெஷினில் சத்தம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் புயலுக்குப் பின் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆகும் எங்கள் ஊருக்கு அது உதவாது.

தென்னை செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மேல்தோலில் மணல் ஒட்டியிருக்கும். ஈர நார் உள்ளே போய் ஸ்பிராக்கெட்டைச் சுற்றிக்கொள்ளும். துருவலாக விழ வேண்டியது மாவாக விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று பொருள். நிறுத்திவிட்டு 4 மில்லிமீட்டர் உருட்டு அரத்தால் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு, எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டினால் பாரும் தேயும், எஞ்சினும் சூடேறும்.

பெட்ரோல் கலவையில் கணக்குத் தவறக் கூடாது. கம்பெனி 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் கெடுகிறது. ஒரு மாதத்துக்கு மேல் வைக்கும் அளவுக்குக் கலக்காதீர்கள். மெஷினை எடுத்துவைக்கும் முன் டேங்கைக் காலிசெய்து, தானே அணையும்வரை ஓடவிடுங்கள்.

வாங்கும்போது செயின் பிரேக் கடையிலேயே வேலை செய்கிறதா பாருங்கள். பார் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது காப்பது அந்த பிரேக்தான். விழுந்த மரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இரு முனையும் தாங்கிக் கிடந்தால் மேலே கொஞ்சம் அறுத்து, கீழிருந்து முடிக்க வேண்டும். வேரோடு சாய்ந்த தென்னையில் தண்டைத் துண்டித்ததும் வேர்க்கட்டை சடாரென்று குழிக்குள் நிமிர்ந்துவிடும். அந்தக் குழிப்பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. கண்ணாடி, ஹெல்மெட், பூட்ஸ், கூடவே இன்னொரு ஆள் இல்லாமல் நான் கயிற்றை இழுப்பதில்லை.

தென்னந்தோப்பும் நாலைந்து நிழல்மரமும் உள்ள வீட்டுக்கு இந்த அளவு மெஷினையே வாங்கச் சொல்வேன். எங்கள் வீட்டில் ஐப்பசி பிறந்ததும் புதுக் கலவை ஊற்றி, செயினைத் தீட்டி, ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைத்துவிடுகிறோம். இந்த வருடமும் நாலாவது இழுப்பில் எழுந்துவிட்டது.