நிலம் நீங்கிய ஓவியர்

முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து, நிலத்தையும் நெஞ்சத்தையும் ஒருசேரக் கண்ட மரபு நம்முடையது. அம்மரபில் நின்று நோக்குங்கால், கொல்கத்தாவின் அருவ ஓவியர் கணேஷ் ஹலோய் நமக்கு அயலவராகத் தோன்றவில்லை.

இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த ஜமால்பூரில், பிரம்மபுத்திரா பாயும் நாட்டில், 1936-இல் பிறந்தவர் அவர். பிரிவினைக்குப் பின் 1950-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அரசினர் கலைக் கல்லூரியில் பயின்று 1956-இல் தேர்ந்தார். 1957 முதல் 1963 வரை தொல்பொருள் ஆய்வுத் துறைக்காக அஜந்தா ஓவியங்களைப் படியெடுத்தார். பின்னர்த் தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். 2017-இல் ஏதென்சிலும் காசெலிலும் நடந்த டாக்குமெண்டா கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன.

அவருடைய அருவப் படங்களில் ஆள் இல்லை, ஊர் இல்லை. பச்சையும் நீலமும் மண்நிறமுமாய்ப் பரப்புகள். அவற்றின்மேல் புள்ளி, சிறுகோடு, வளைவு. உயரத்திலிருந்து காணும் வயல்வரப்போ, வெள்ளம் வடிந்த நிலமோ என ஐயுறுகிறோம்.

ஈண்டு ஒரு வினா எழும். பிரிவினையின் துயரை அறிந்தவர், அதனை வரையாது கோடுகளுக்குள் ஒதுங்கிவிட்டாரோ? 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை ஜைனுல் ஆபிதீனும் சித்தபிரசாத்தும் நேருக்கு நேர் தீட்டிய வங்கத்தில், இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. சில படங்களில் அழகு மிஞ்சி, கோடு வெறும் அணியாகிவிடுவதும் உண்டு. ஆயினும், துயரை வரைவது ஒன்று. துயர் பறித்துச் சென்றதை வரைவது மற்றொன்று. ஹலோய் செய்தது பின்னது. கருப்பொருள் யாவும் கழிந்தபின்னும், பிரிவு என்னும் உரிப்பொருள் அங்கே நிற்கக் காண்கிறோம்.

நாமும் ஊர் பெயர்ந்து வந்தவர்களே. ஆனால் நாம் வந்தது பிழைப்பு நாடி. ஹௌராவில் வண்டி ஏறினால் ஊர் சேர்ந்துவிடலாம். அவருக்கும் அவர் ஊருக்கும் இடையே நாட்டெல்லை எழுந்தது. அவர் துயரை நம்முடையதென உரிமை கொண்டாடுதல் முறையன்று. எனினும் அவரிடம் நாம் கற்பதற்கு ஒன்றுண்டு. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் காவிரி எப்படி இருக்கும் என்று கேட்கும்போது, நாம் ஊர்ப்பெயர்களை அடுக்குகிறோம். அவை அவர்கள் நெஞ்சில் தங்குவதில்லை. நீரின் நிறத்தையும் வரப்பின் வளைவையும் சொல்லிப் பார்ப்போம். ஆறு அவர்களிடம் வந்து சேரக்கூடும்.