முதுகு தரையில் பட்ட பிறகு

2021 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஒன் சாம்பியன்ஷிப் எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) பெண்கள் இறுதிப் போட்டியில், அரியானாவின் ரித்து போகாட் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸிடம் இரண்டாவது சுற்றிலேயே தோற்றார். ரித்து 'தங்கல்' படம் காட்டிய குஸ்திக் குடும்பத்துப் பெண். எதிராளியைக் கீழே தள்ளி மேலே ஏறுவது அவருக்குக் கைவந்த கலை. தோல்வி வந்ததோ கீழே கிடந்தவரிடமிருந்து. மல்லாந்த நிலையிலேயே ஸ்டாம்ப் கால்களால் ரித்துவின் கழுத்தையும் தோளையும் வளைத்தார், சிக்கிய கையை நீட்டிப் பிடித்தார், இடுப்பை உயர்த்தி முழங்கையை எதிர்ப்புறமாக வளைத்தார். அதன்பின் ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை.

ரித்துவிடம் திறமை குறைவு என்று சொல்லமாட்டேன். ஆட்டம் எங்கே முடிகிறது என்பதில்தான் சிக்கல். கோலாப்பூர் செம்மண் களமோ, அரியானாவின் அகாடா என்ற பயிற்சிக்களமோ, எதிராளியின் இரு தோள்களும் மண்ணில் பட்டால் குஸ்தி முடிந்துவிடும். அதனால் பயில்வானின் உடம்பு சிறுவயதிலேயே ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: என்ன ஆனாலும் மல்லாராதே, குப்புறப் படுத்து மண்ணைப் பிடித்துக்கொள். குப்புற விழுந்தவன் மீசையில் மண் ஒட்டவில்லை என்றானே, அவனுக்கு விதி தெரிந்திருக்கிறது!

எம்.எம்.ஏ. கூண்டுக்குள் அதே பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். குப்புறப் படுத்தவன் முதுகில் எதிராளி ஏறுகிறான். குதிகால்களை இடுப்பின் இருபுறமும் கொக்கியாக மாட்டுகிறான். ஒரு கை தாடைக்கு அடியில் நுழைகிறது, மறுகை பிடரியை அழுத்துகிறது. நெரிபடுவது மூச்சுக்குழல் அல்ல, கழுத்தின் இருபக்க ரத்தக்குழாய்கள். தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டாவிட்டால் பத்து விநாடி வாக்கில் நினைவு போய்விடும்.

இலங்கையின் மரபுச் சண்டைக்கலையான அங்கம்பொர இந்த இடத்தில் வேறு கணக்குப் போடுகிறது. வெறுங்கைச் சண்டை அங்கம், ஆயுதச் சண்டை இல்லங்கம். அங்கத்தில் அடியும் உண்டு, பிடியும் உண்டு. எதிராளி தப்பமுடியாத பூட்டில் சிக்கும்வரை சண்டை தொடரும் என்பது அதன் மரபு. கண்டிக்கு அருகே எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களில் பின்னிக்கொண்டு நிற்கும் மல்லர்களைப் பார்க்கலாம். விதியை மட்டும் வைத்துப் பார்த்தால், குஸ்தியைவிட அங்கம்பொரதான் எம்.எம்.ஏ.வுக்கு நெருக்கம்.

நம் பக்கத்தில் அதற்கு ஒப்பு தேடினால் குஸ்தியை விட்டுக் கன்னியாகுமரியின் சண்டைக்கலையான அடிமுறைக்குத்தான் போகவேண்டும். அங்கும் அடி, பிடி, பூட்டு எல்லாம் உண்டு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று உடம்பில் 108 உயிர்நிலைகளை எண்ணுகிறார்கள். அடிக்கத் தெரிந்த ஆசானுக்கு அடிபட்டவரை எழுப்பும் இளக்குமுறையும் தெரிந்திருக்கவேண்டும். சிங்கள மரபிலும் உயிர்நிலைகளைப் பற்றிய அறிவு சண்டைக்கும் வைத்தியத்துக்கும் பொது. ஒரே விரல் இரு வேலை செய்கிறது.

அங்கம்பொரவின் பலவீனம் விதியில் இல்லை, பயிற்சியில். 1817-18 ஊவா கிளர்ச்சிக்குப் பிறகு பிரித்தானியர் அதைத் தடை செய்தார்கள் என்பார்கள். சில குடும்பங்களுக்குள் ஒளிந்து பிழைத்த கலை இன்று வெளியே வந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் மேடைக் காட்சியாக. ஒத்துழைக்கும் ஆளின் கையை முறுக்குவது சுலபம். வியர்த்து வழுக்கி, திமிறி, திருப்பி அடிக்கும் ஆளிடம் அதே பூட்டு விழுமா என்பதுதான் கேள்வி. அடிமுறைக்கும் இதே குறை உண்டு. உயிர்நிலையில் நிஜமாக அடித்துப் பழக முடியாது, பழகாத அடியை நம்பி இறங்கவும் முடியாது.

குஸ்திக்காரனிடம் இருப்பது அதுதான்: தினமும் முழுப்பலத்தோடு எதிர்க்கும் ஒரு ஆள். ஆகவே இரு நாட்டிலிருந்தும் ஒருவரைக் கூண்டுக்கு அனுப்பச் சொன்னால், நான் கோலாப்பூர்ப் பையனைத்தான் அனுப்புவேன், மல்லாந்து கிடந்தபடியே சண்டையிட முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு. அங்கம்பொரவுக்கு வேண்டியது வேறு. ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-இல் ஜூடோவைத் தொடங்கியபோது, ஆபத்தான அடிகளை ஒதுக்கிவைத்து மீதியை முழுப்பலத்தோடு மோதிப் பழகவைத்தார். அதுபோல வர்ம அடிகளை ஓரமாக வைத்து, பூட்டுகளை மட்டும் எடுத்து, தட்டினால் விடவேண்டும் என்ற ஒரே விதியோடு இளைஞர்களை மோதவிடலாம். எந்தப் பூட்டு நிஜம், எது மேடைக்கு மட்டும் என்பது ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். சில பரம்பரைகளின் பெருமை அதில் அடிபடலாம்.