கனம் இறங்கும் வழி

கனடாவின் ராக்கி மலைகளில், லேக் லூயிஸைத் தாண்டி மேற்கே போனால், ஃபீல்டு என்ற சிற்றூருக்குச் சற்று முன்பாகச் சாலையோரம் வண்டி நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். சரக்கு ரயில் வரும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மோட்டார்ஹோமில் வந்தவர்களுக்கு அதனால் என்ன? வீடு கூடவே இருக்கிறது. அடுப்பைப் பற்றவைத்து டீ போடலாம்.

ரயில் வந்ததும் டீ ஆறிப்போகும். மலைக்குள் நுழைந்த ரயில் உள்ளேயே வளைந்து திரும்பி, நுழைந்த வாய்க்குக் கீழே இன்னொரு வாய் வழியாக வெளியே வருகிறது. நீளமான ரயிலாக இருந்தால் எஞ்சின் கீழே ஒரு திசையில் போய்க்கொண்டிருக்க, கடைசிப் பெட்டிகள் மேலே எதிர்த்திசையில் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். தன் மேலேயே தான் ஏறிப்போகும் ரயில்! 1909இல் திறந்த சுழல் சுரங்கங்கள் இவை. அதற்கு முன்பு தண்டவாளம் நேராகவே இறங்கியது, நூறு அடிக்கு நாலரை அடி சரிவில். வண்டிகள் கட்டுமீறி ஓடி உயிர்கள் போயின. வளைத்து விட்டபின் சரிவு 2.2 அடியாகக் குறைந்தது. தூரத்தைக் கூட்டித்தான் பாரத்தை இறக்க முடியும் என்ற கணக்கு இந்த வழி நெடுகிலும் கண்ணில் படுகிறது.

காரில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் புரியாது. மோட்டார்ஹோமில் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, கட்டில், பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து தள்ளுகின்றன. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கருகும் வாடை வந்துவிடும். கியரைக் குறைத்து, எஞ்சின் உறுமி இழுத்துப் பிடிக்கும்படி விட வேண்டும். அலமாரித் தட்டுகளின் ஓசையே சரிவைச் சொல்லிவிடும்: சமதளத்தில் சலசலப்பு, இறக்கத்தில் எல்லாம் முன்பக்கம் சாய்ந்து ஒரே மூச்சில் அமைதி.

இன்னும் மேற்கே வரும் ரோஜர்ஸ் கணவாய் 1,330 மீட்டர் உயரம். 1910இல் அங்கே பனிச்சரிவில் ரயில் தொழிலாளர்கள் 58 பேர் புதைந்துபோனார்கள். 1916இல் ரயில் மலைக்கடியில் சுரங்கத்துக்குள் போய்விட்டது. 1962இல் அதே உச்சிக்குத் துணிந்து வந்தது நெடுஞ்சாலை. பனிக்காலத்தில் ராணுவத்தார் பீரங்கியால் மலையைச் சுட்டு, பெரிதாகச் சேரும் முன்பே பனியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுகிறார்கள். பீரங்கிக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

அதையும் தாண்டி, காம்லூப்ஸ் நகரில் பச்சை மறைந்து, வறண்ட குன்றுகளும் சேஜ்பிரஷ் புதர்களும் வந்துவிடும். அவசரக்காரர்கள் அங்கிருந்து 1986இல் திறக்கத் தொடங்கிய கோகிஹாலா விரைவுச்சாலையைப் பிடிப்பார்கள். இதுவரை வந்த பழைய ஒன்றாம் எண் சாலையை விடக் கூடாது என்பேன். லிட்டனில் தெளிந்த நீலப்பச்சைத் தாம்சன் ஆறு, பால் விட்ட டீ நிறத்து ஃபிரேசரோடு சேர்கிறது. சேர்ந்தும் சற்றுத் தூரம் இரண்டும் கலக்க மனமில்லாமல் பக்கம் பக்கமாகவே ஓடுகின்றன. 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி வெயில் அடித்த ஊர் இது. மறுநாளே தீயில் பெரும்பகுதி அழிந்தது. ஆறுகளின் அழகைப் பேசும்போது அதை விழுங்கிவிட முடியவில்லை.

லிட்டனுக்குக் கீழே பள்ளத்தாக்கு நெருங்கி, ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு நிறுவனங்களின் தண்டவாளங்கள் பாறையைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றன. சாலைக்கு மிஞ்சிய இடத்தில் ஏழு சுரங்கங்கள். நரக வாசல் என்று பேர் வைத்த இடுக்கில் மொத்த ஃபிரேசரும் 35 மீட்டர் அகலத்துக்குள் நெரிபடுகிறது. 1914இல் ரயில் பாதை வெட்டியபோது சரிந்த பாறையால் சால்மன் மீன்கள் மேலே ஏற முடியாமல் தவித்தன. 1940களில் கான்கிரீட்டில் அவற்றுக்கென்று வழி கட்டினார்கள். எல்லாரும் இறங்கத் தவிக்கும் இந்த வழியில் ஏறுகிற ஒரே கூட்டம் மீன்தான்.

அப்புறம் சமவெளி, வான்கூவர் நெரிசல், அதைச் சொல்ல ஒன்றுமில்லை. கடலுக்குள் நீளும் கரைமேட்டின் நுனியில் டுவாஸன் படகுத்துறை. மோட்டார்ஹோமுக்கு நீளத்தைப் பார்த்துக் கட்டணம். குறிப்பிட்ட நீளத்துக்கு மேலே ஒவ்வோர் அடிக்கும் கூடுதல். காஸ் வால்வை மூடிவிட வேண்டும். வான்கூவர் தீவின் ஸ்வார்ட்ஸ் பேக்கு ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். வண்டி கீழே, நாம் மேலே.

ஏறக்குறைய முக்கால் மணி நேரம் திறந்த கடல். பிறகு கலியானோ, மேய்ன் தீவுகளுக்கு இடையே ஆக்டிவ் பாஸ் என்ற குறுகிய நீர்வழி. வாயிலில் 1885இல் அமைத்த கலங்கரை விளக்கம். மலைகளுக்கு நடுவே கிழக்கையும் மேற்கையும் இணைத்து ரயில்பாதையின் கடைசி ஆணியை அறைந்ததும் அதே ஆண்டுதான். உள்ளே நீரோட்டம் கடுமை, எதிரே வருவது தெரியாத திருப்பங்கள். ஒரு நீண்ட ஊதல். 167 மீட்டர் நீளக் கப்பல், கரையின் ஒவ்வொரு மரமும் தெரியும் நெருக்கத்தில், ஒரு பக்கம் வளைந்து, உடனே மறுபக்கம் வளைகிறது. சுழல் சுரங்கத்து ரயிலின் அதே நிதானம்.

கப்பல் உணவகத்தில் பர்கருக்கு நல்ல பேர், வரிசையும் நீளம். புறப்பட்டவுடனே போய் வாங்கிவிடுங்கள். பாதிப் பேர் தட்டை ஏந்தி நிற்கிற நேரத்தில்தான் கலங்கரை விளக்கம் கடந்துபோகிறது.