பொதுமேடையில் மன்னிப்பு: விளையாட்டுப் புகழும் கிறித்தவ மனந்திரும்புதலும்

முன்னுரை

தவறிழைத்த விளையாட்டு வீரர் ஊடகங்களின் வழி மன்னிப்புக் கோருவது இக்காலத்தில் தனியோர் உரைவகையாகவே வளர்ந்துள்ளது. அதற்கெனத் தொடக்கமும் சொல்லாட்சியும் முடிப்பும் அமைந்துவிட்டன. பலவீனம், அறிக்கையிடுதல், மனமாற்றம், மறுவாழ்வு என அவ்வுரைகளில் பயிலும் கருத்துகள் பல, கிறித்தவ மரபில் நெடுங்காலம் வழங்கி வருபவை. அக்கருத்துகளோடு அவற்றின் பொருளும் சேர்ந்து வந்துள்ளதா என்பதை இரு நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மரபு கூறும் மூன்று படிகள்

கத்தோலிக்க மரபு மனந்திரும்புதலில் மூன்று செயல்களைக் காண்கிறது. அவை மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்பன. தொடக்கத் திருச்சபையில் பெரும்பாவங்களுக்குரிய தவம் சபையார் முன்னிலையிலேயே நிகழ்ந்தது. பின்னர்த் தனி அறிக்கை வழக்கம் பரவியது. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் அறிக்கையிடுதலைக் கடமையாக்கியது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவுக்கு அண்மையில், ஓஃபிர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கர்க்கென 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயமும் இம்மரபின் வழிப்பட்டதே. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்பவர் ஒருவரே. அங்குக் கைதட்டலும் இல்லை, கண்டனமும் இல்லை.

லூக்கா நற்செய்தியின் சகேயு, தம் செல்வத்தில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் உறுதி கூறுகிறார். யாருக்கு இழப்பு நேர்ந்ததோ அவரை நோக்கிச் செல்வதே பரிகாரம் என்பது இதனாற் பெறப்படும். பொது மன்னிப்பு உரைகளை மதிப்பிட இதுவே தக்க அளவுகோல் எனலாம்.

குரோனியே: எழுவாய் மாறிய அறிக்கை

தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணித்தலைவர் ஹான்சி குரோனியே தம் கிறித்தவப் பற்றை வெளிப்படையாக அறிவித்தவர். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் டில்லிக் காவல்துறை சூதாட்டத் தொடர்பை வெளியிட்டபோது முதலில் மறுத்தார். சில நாட்களில் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு ஜூனில் கிங் ஆணையத்தின் முன், பலவீனமான வேளையில் சாத்தானும் உலகமும் தம்மை ஆள இடமளித்துவிட்டதாகக் கூறினார்.

அவர்தம் கண்ணீரின் மெய்ம்மையைத் தீர்ப்பிடுதல் திறனாய்வின் பணியன்று. ஆயினும் அவ்வுரையின் அமைப்பை நோக்குதல் வேண்டும். அதில் இடமளித்தவர் அவரே என்றாலும், ஆண்டவன் சாத்தான் ஆகிவிடுகிறான். செயலின் சுமை வேறோர் எழுவாயின்மேல் ஏறிவிடுகிறது. நாத்தான் இறைவாக்கினர் முன் நின்ற தாவீதோ தன்மை ஒருமையிலேயே தம் பாவத்தை ஏற்றார். மேலும், குரோனியே தம் அணியினரான ஹெர்ஷல் கிப்ஸ், ஹென்றி வில்லியம்ஸ் ஆகியோரிடம் பணஆசை காட்டினார். அவ்விருவரும் ஆறு மாதத் தடை பெற்றனர். சகேயுவின் அளவுகோலால் நோக்கின், பரிகாரம் முதலில் செல்ல வேண்டிய திசை இவர்களே.

ஸ்கூலிங்: உருவம் உடைந்த வேளை

2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி நீச்சலை 50.39 வினாடிகளில் முடித்துச் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். நாடாளுமன்றமே எழுந்து நின்று பாராட்டியது. 2022 ஆகஸ்டில், அவ்வாண்டு மே மாதம் வெளிநாட்டில் கஞ்சா உட்கொண்டதை அவர் ஒப்புக்கொண்டது வெளியாயிற்று. அவரது சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் தென்படவில்லை. குற்றம் வெளிப்பட்டது அவர்தம் வாக்குமூலத்தாலேயே. தேசிய சேவையிலிருந்த அவருக்குத் தற்காப்பு அமைச்சு எச்சரிக்கைக் கடிதம் அளித்தது. ஆறு மாதச் சிறுநீர்ப் பரிசோதனை விதிக்கப்பட்டது. பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்புப் பெறும் தகுதி நீக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அவர் போட்டிகளிலிருந்து ஓய்வுபெற்றார்.

அவரது அறிக்கை, தவற்றுக்குத் தாமே பொறுப்பு என ஏற்றது; குடும்பத்தாரையும் இளம் ரசிகர்களையும் புண்படுத்தியதற்கு வருந்தியது. கடினமான காலத்தைக் குறிப்பிட்டபோதும் பொறுப்பை அது பிறர்மேல் ஏற்றவில்லை. தம் தந்தையை அவர் இழந்தது 2021 நவம்பரில் என்பது கருதத்தக்கது. எழுவாய் மாறாமை இவ்வுரையின் வலிமை.

இங்கு வேறொரு வினா எழுகிறது. ரசிகர்க்கு நேர்ந்த இழப்பு யாது? நாட்டின் சட்டம் மீறப்பட்டது. சிங்கப்பூரர் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொள்வதும் இந்நாட்டில் குற்றமே. அதற்குரிய விளைவை அவர் ஏற்றார். ரசிகர் இழந்ததோ பெரும்பாலும் தாமே வனைந்த உருவத்தை. விக்கிரகம் உடைந்தமைக்கு உடைந்த கல்லைக் கடிவது பொருந்தாது. வனைந்த கையும் ஆராயப்பட வேண்டும். விக்கிரக வழிபாட்டைக் கண்டிக்கும் விவிலியக் கட்டளை புகழ்வெளிக்கும் பொருந்தும் என்பது நம் துணிபு.

இரக்கத்தின் அளவு

இதனினும் முதன்மையான சிக்கல் சமநீதி பற்றியது. புகழ்பெற்றவரின் வருத்தத்தைக் கேட்க நாடே செவிசாய்க்கிறது. அதே குற்றத்திற்காகத் தண்டனை பெற்று வெளிவரும் பெயரறியா இளைஞனின் வருத்தத்தைக் கேட்பார் சிலரே. முன்னாள் கைதிகளுக்கு மறுவாய்ப்பு வேண்டி 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடாத் திட்டம் இக்குறையை உணர்ந்ததாகும். காணாமற்போன ஆட்டைத் தேடும் ஆயன் அதன் புகழை எண்ணித் தேடுவதில்லை. பதக்கத்தின் பொருட்டு வழங்கும் மன்னிப்பு இரக்கமன்று; அது ரசனையின் நீட்சியே.

முடிவுரை

திருக்குறள் நாணுடைமையைத் தவறு செய்ய அஞ்சுவோர்க்கும், பொறையுடைமையைத் தவறு செய்யப்பட்டோர்க்கும் உரியதாக வெவ்வேறு அதிகாரங்களில் வைத்தது. கிறித்தவ மரபோ இவ்விரு தரப்பினரையும் பரிகாரம் என்னும் பாலத்தால் இணைக்கிறது. மன்னிப்பு உரையொன்றை வகுப்பறையில் ஆராயும் ஆசிரியர், பேசுபவரின் கண்ணீரை அளப்பதினும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: செயலின் எழுவாய் யார்? இழப்புற்றவர் யார்? அவரை நோக்கி எடுத்துவைக்கப்பட்ட அடி யாது? நான்காம் வினா கேட்போர்க்குரியது: பெயரற்ற ஒருவர் இதே சொற்களைக் கூறியிருப்பின் நாம் செவிசாய்த்திருப்போமா?