தாழ்ந்த குரலின் வித்தை

கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூரில், தமிழும் தெலுங்கும் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு ஆங்கிலம் அந்நிய தேசத்து விருந்தாளி. அவ்விருந்தாளியைக் கண்ட உற்சாகத்தில் முப்பது குரல்களும் ஒருசேர எழுப்பும் ஆரவாரத்தைப் பிரம்பின்றி, அதட்டலின்றி அடக்கும் ஆசிரியையின் சாமர்த்தியத்தை நான் சங்கீதத்துக்கு நிகராகவே மதிக்கிறேன். கூச்சல் உச்சத்தை எட்டும் வேளையில் அவர் குரலை உயர்த்துவதில்லை. மாம்பழம் ஒன்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு, ‘வாட் இஸ் திஸ்?’ என்று ரகசியம்போலக் கேட்கிறார். பின்வரிசைப் பையன் காதைத் தீட்டிக்கொண்டு முன்னே நகர்கிறான், நிசப்தம் தானே வந்து அமர்கிறது, மறுகணம் ‘மேங்கோ!’ என்று கூரை அதிர்கிறது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, பாட்டையும் விளையாட்டையும் வகுப்புக்குள் அழைத்துவந்தது நல்ல காரியமே. அந்த மாம்பழமோ ஆசிரியை தம் கைக்காசில் வாங்கியது.