மூச்சடக்கும் மூதாட்டியர்

முதியோரைப் பற்றிய ஆவணப்படங்கள் பெரும்பாலும் இரண்டு தடங்களிலேயே நடக்கின்றன. மகனின் வருகைக்காகத் திண்ணையில் காத்திருக்கும் தாயைக் காட்டி நம் கண்களை நனைப்பது ஒன்று. “இந்த வயதிலுமா!” என்று நம்மை வியக்கச் செய்வது மற்றொன்று. இரக்கத்தைக் காட்டிலும் வியப்பு மேலானது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வியப்பவரும் முதியவரை ஒரு தொழிலில் தேர்ந்தவராகக் காண்பதில்லை, வயதைத்தான் காண்கிறார்.

இந்த எண்ணத்தை எனக்குள் விதைத்தது, சூ கிம் இயக்கத்தில் 2024-இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஆஃப் தி சீ விமன்’ என்னும் ஆவணப்படம். தென்கொரியாவின் ஜேஜு தீவில் ‘ஹேன்யோ’ எனப்படும் பெண்கள், காற்றுக்கலன் ஏதுமின்றி மூச்சடக்கி மூழ்கிச் சங்கும் சிப்பியும் எடுக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். 2016-இல் யுனெஸ்கோ இவர்களது மரபை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

பாம்பன் கரையை அறிந்தவர்க்கு இக்காட்சி அயலானதன்று. சின்னப்பாலம் முதலான ஊர்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மூழ்கிப் பாசி எடுத்து வருகின்றனர். சேலைமீது ஆண்களின் சட்டை, கண்களுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணிச்சுற்று. இவ்வளவே அவர்தம் கருவிகள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் ஆலைகளுக்குச் சென்று கூழ்மப் பொருளாக மாறுகின்றன. ஐம்பதைக் கடந்தும் கடலில் இறங்குவோர் இவர்களுள் உண்டு. பாசி அழிந்துவிடாதிருக்க மாதத்தில் பன்னிரண்டு நாட்களே எடுப்பது என்று தமக்குத் தாமே வரம்பிட்டுக்கொண்டவர்கள் இவர்கள். இம்மகளிரின் முன்னணியில் நின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது.

படத்திற்கு வருவோம். அதன் சிறப்பு, மூதாட்டியரைத் தெய்வமாக்காததே. அவர்கள் கேலி பேசுகிறார்கள், பாடுகிறார்கள், சினக்கிறார்கள். புகுஷிமா அணு உலையின் நீரைக் கடலில் விடும் ஜப்பானின் முடிவை எதிர்த்துத் தெருவில் இறங்குகிறார்கள்; அந்நீர் 2023 ஆகஸ்டில் கடலில் விடப்பட்டது. அவர்களுள் ஒருவர் ஜெனீவா சென்று ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் பேசுகிறார். அங்கே அவர் பேசுவது முதுமையைப் பற்றியன்று. தம் கடலைப் பற்றி.

குறையும் உண்டு, அது பெயரிலேயே இருக்கிறது. ‘கடைசிக் கடல்மகளிர்’ என்று ஏன் பெயரிட வேண்டும்? முதியவர் என்றவுடன் முடிவு என்று நினைக்கும் பழக்கம், அதை உடைக்க வந்த படத்தையும் விடவில்லை. கோஜே தீவில் முப்பதுகளில் இருக்கும் இரு பெண்கள் இத்தொழிலைக் கற்றுச் செய்வதை இதே படம் காட்டுகிறதே!

ஜேஜுவின் மரபு ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரையோர ஆழமற்ற நீர்ப்பகுதியை வயதில் மூத்தோர்க்கென விட்டுவைத்து, அதனைப் ‘பாட்டிமார் கடல்’ என்று அழைப்பார்கள். வலுவுள்ளோர் ஆழத்திற்குச் செல்ல வேண்டும். சலுகை என்று நாம் நினைக்கலாம். எனக்கோ அது ஒரு பணி ஒழுங்காகவே படுகிறது. மூத்தவர் தொழிலை விட்டு விலக்கப்படவில்லை; அவருக்குரிய இடம் கடலிலேயே ஒதுக்கப்படுகிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. அத்தீவுகளை ஒட்டிப் பாசி எடுத்துவந்த நம் பெண்களுக்கு அதனால் தடை வந்தது. கடலுயிர்களைக் காப்பது நன்றே. ஆனால் எந்தப் பாரில் பாசி எப்போது தழைக்கும் என்பதை ஐம்பது ஆண்டு மூழ்கி அறிந்த கண்கள் அத்திட்டத்தில் எங்கே இடம் பெற்றன?

நாளை பாம்பனுக்கு யாரேனும் ஒளிப்பதிவுக் கருவியுடன் வரக்கூடும். பாசி மூட்டையோடு கரையேறும் மூதாட்டியிடம், “பாட்டி, உங்களுக்கு வயது என்ன?” என்பதே அவருடைய முதற்கேள்வியாக இருக்கும் என்று அஞ்சுகிறேன். இன்று நீரோட்டம் எப்படி, பாசி எந்தப் பக்கம் என்று கேட்டால், அவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நின்று பேசுவார்.